கணக்கு உதைத்த மே மாதம்

மக்டலீனாவுக்குத் தெற்கே, கம்பி வேலிக்குள்,
காலை ஏழு மணிக்கு ஓர் உருளையை நிறுப்பது என் வேலை.
பொடியை அழுத்தி அழுத்தி உலோகமாக்கிய உருளை.
தட்டினால் கணீரென்று கேட்காது,
சத்தத்தை விழுங்கிக்கொள்ளும்.
நிற்கும்வரை அது சுவர், என்பார் லிண்ட்க்விஸ்ட்,
உடைந்தால் விறகு.

பத்து மணிக்கு அது இருக்காது.

பதுங்குகுழியில் வெர்னான் செக்கட்டேரோ
கேமராவை முடுக்கிவிட்டு, மெல்லும் சூயிங்கத்தை நிறுத்துவான்.
பத்து, ஒன்பது, எட்டெல்லாம் ஒலிபெருக்கிக்கு.
அவன் தாடை நின்றால்
நான் காதைப் பொத்துவேன்.

பிறகு திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டுவான்.
உருளை முதலில் வீங்கும்.
தண்ணீர் வற்றிய ரியோ சலாடோவின் அடிமண்போல
உடம்பெல்லாம் பாளம் பாளமாய்ப் பிளக்கும்.
தூளானது உடனே பற்றும்.
துண்டாய்த் தப்பியது பற்றாமல் பறக்கும்,
பறந்து இரும்புத் தகட்டில் மோதி
அங்கே நொறுங்கி
அப்புறம்தான் எரியும்.
எவ்வளவு பொடிகிறதோ அவ்வளவு சீக்கிரம் தீ
என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன்.
லிண்ட்க்விஸ்ட் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

மதியத்துக்குமேல் என் நேரம்.
மண்டியிட்டு, மூன்று சல்லடை, ஒரு தூரிகை.
கிடைத்ததைக் கழுவி, உலர்த்தி, நிறுத்து,
காலையில் எழுதிய எண்ணிலிருந்து கழிப்பேன்.
கண்டது போகக் காணாதது.
காணாததெல்லாம் எரிந்தது.
அந்த ஒரு பத்தியைத்தான் எங்கோ குளிரூட்டிய அறையில்
யாரோ விரல் வைத்துப் படிக்கிறார்கள்.
படித்துவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதற்கு
என் நோட்டில் கட்டம் இல்லை.

மே மாதம் கணக்கு உதைத்தது.
நான்கு வெடிப்பு. நான்கிலும் வழக்கத்தைவிடக்
கொஞ்சம் கூடுதலாய்க் காணவில்லை.
மூன்று கிராம், இரண்டரை, இப்படியே
எல்லாம் சேர்ந்து பதினொன்று.
புதுத் தொகுதி நன்றாக எரிகிறது, என்றார் லிண்ட்க்விஸ்ட்;
அந்த வாரம் முழுக்கக் காப்பி அவர் செலவு.
வெர்னான் மட்டும் கோப்பையைச் சுற்றிக்கொண்டே,
"படத்தில் வெளிச்சம் கூடலையே, டெல்ஃபீனா" என்றான்.

கிழக்கு மண்மேட்டில்
ஓட்டையான பழைய தகடொன்று சாய்ந்து கிடக்கிறது.
அதனடியில் ஓர் இடுக்கு.
இந்த ஊரில் பாறை ரென் என்பார்கள்,
கைப்பிடியில் அடங்கும் பழுப்புக் குருவி.
கூட்டுக்கு முன்னால் கல் பாவும். ஏனென்று யாருக்கும் தெரியாது.
சுண்ணாம்புக்கல், செம்பாறைச் சில்லு,
பியர் மூடி ஒன்று,
இடையிடையே சாம்பல் நிறத்தில்
எரியாமல் தப்பிய எங்கள் துண்டுகள்.
என் சல்லடைக்கு முன்பே பொறுக்கியிருக்கிறது.
இருபது வருடம் நிறுத்த கண் இது:
பத்து, பதினொன்று.

பையில் தூரிகை இருந்தது. நான்கு நிமிட வேலை.
உள்ளே கண் திறக்காத குஞ்சுகள்
என் நிழலைத் தாய் என்று எண்ணி வாயைப் பிளந்தன.
பின்னால் வந்து நின்ற வெர்னான்
மெல்லுவதை நிறுத்தினான்.
நான் பழக்கத்தில் காதைப் பொத்தினேன்.

எதுவும் வெடிக்கவில்லை.

நோட்டில் இருந்தது இருந்தபடியே இருந்தது: எரிந்தது.
ஒரு குருவி திருடியதை
நெருப்பின் பேரில் எழுதி
கையெழுத்தும் போட்டேன்.

ஜூனில் லாரி வந்தது.
அதே தொகுதியில் நாற்பது உருளை.
தேறிவிட்டதாம், மயிரிழையில்.
லிண்ட்க்விஸ்ட் கை குலுக்கினார்.
என் கையைப் பிறகு கால்சட்டையில் துடைத்தேன்,
வியர்வைதான்.

குஞ்சுகள் பறந்த அன்று மாலை
தகடருகே போய் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி,
கழுவி, உலர்த்தி, நிறுத்தேன்.
பத்து புள்ளி எட்டு.

பென்சில் முனை ஒருமுறை உடைந்தது.
சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
நாளை ஏழு மணிக்கு நாற்பதில் முதலாவது.