நாலில் சத்தமில்லை

புனலூரில் பல் பிடுங்குகிறவர் ஷிபு வர்கீஸ்.
சாரலோடு சாரலாய் கோட்டைவாசல் இறங்கி
புளியரையில் என் கொட்டகைக்குள்
அந்தத் தாழ்ந்த சிவப்புக் காரை
வாசல்படி இடிக்குமோ என்று பயந்து பயந்து நுழைத்தார்.

‘அரைக்குந்நு அண்ணாச்சி.’
அரவை மில் மாதிரியா, கல் சிக்கிய மாதிரியா?
யோசித்துச் சொன்னார்:
‘உறக்கத்தில் பல் கடிக்கிற மாதிரி.’
தொழில் தெரிந்தவர்.

பார்க்கில் போட்டு மிதித்தேன். இல்லை.
நியூட்ரலில் இல்லை.
பம்ப் இல்லை, கன்வெர்ட்டர் இல்லை என்று
பென்சிலில் எழுதிக்கொண்டேன்.
பேனாவில் எழுதுகிற வேலை இல்லை இது.

எனக்கு இடது காது கிடையாது.
ஒரு லாரி டயரோடு அதுவும் வெடித்துப்போனது.
வலது காதுதான் கடை, முதல், வட்டி எல்லாம்.
அதனால் வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லி
இடப்பக்கம் உட்கார்வேன்,
கியர்பாக்ஸ் இருக்கும் பக்கமாய்க் காது வரும்படி.

மலையேறினோம்.
முன்னால் ஒரு வைக்கோல் லாரி,
சாலையையே தலையில் கட்டித் தூக்கிக்கொண்டு போவது போல.
முந்த வழியில்லை. இரண்டாம் கியர்.
வந்தது.
கால் அழுத்தினால் தடித்தது,
எடுத்தால் மெலிந்தது.
மூன்றில் கொஞ்சம் நாகரிகமாய் அரைத்தது.

எஸ் வளைவு தாண்டி லாரிக்காரர் கை காட்ட
வண்டி நாலுக்குப் போனது.
கூரையில் மழை மட்டும்.
‘போயி!’ என்றார் ஷிபு, முகம் மலர்ந்து.

அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

உள்ளே நடுவில் ஒரு சூரியன்,
சுற்றிலும் கோள்கள், வெளியே ஒரு வளையம்.
பெயரே அப்படித்தான், நான் வைத்ததில்லை.
நாலில் மூன்றும் ஒரே கட்டாய்ச் சுழலும்,
யாரும் யாரையும் உரசுவதில்லை,
விருந்தாளி வந்த வீடு போல.
மற்ற கியரில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால்தான்
மற்றது நகரும்.
அப்போது தெரியும் யாருக்குப் பல் போயிருக்கிறது என்று.

திரும்பி வந்து தூக்கில் ஏற்றி
அடித்தட்டைக் கழற்றினேன்.
சிவப்பாய்த் தண்ணியாய் வடிய வேண்டிய எண்ணெய்
கருப்பட்டிப் பாகாய் நூல் விட்டது.
காந்தத்தின் மேல் இரும்புப்பொடி
முள்ளம்பன்றிக் குட்டி போல் சிலிர்த்து நின்றது.
அதற்குள் நகத்துண்டு அளவில் ஒன்று.
அதைத் துடைத்து, விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து
‘கடைவாய்ப்பல்’ என்றார்.

எத்தனை நாள் கேடு என்று கேட்டார்.
நீங்கள் வாங்கி?
‘அறுநூறு கிலோமீட்டர்.’
இது அறுநூறில் சேரும் பொடி இல்லை.
விற்கிற அன்றைக்கு வாய் மூடியிருக்கட்டும் என்று
யாரோ கெட்டி மருந்து ஊற்றியிருக்கிறார்கள்.

வைக்கோல் லாரிகள் இரண்டு போகும் நேரம்
பேசாமல் இருந்தார்.
‘ஜோபி’ என்றார். ‘பெண்டாட்டியுடே ஆங்ஙள.
பைபாஸில்தான் ஓட்டிக் காட்டினான்.
நாலில்.’

பில்லில் எண்ணெய் மாற்றியது என்று மட்டும் போடச் சொன்னார்.
பில்லை அவர் மனைவி படிப்பாராம்.
போட்டேன்.
பழைய கியர்பாக்ஸ் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வர
பத்து நாளாகும் என்றேன்.
புது எண்ணெயில் சத்தம் கூடும் என்றும் சொன்னேன்.
‘கூடட்டே.’
ஞாயிற்றுக்கிழமை ஜோபியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
பள்ளி குன்றின் மேலே இருக்கிறது.
ஜோபியை இந்த வண்டியிலேயே கூட்டிப்போகிறாராம்,
மெதுவாக, இரண்டிலேயே.

அப்படியானால் இடப்பக்கம் உட்கார வையுங்கள் என்றேன்.

பல்லைத் துணியில் மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.
கையில் கிரீஸோடு வாசலில் நின்று
வலது காதை மலைக்குக் கொடுத்தேன்.
அரைத்துக்கொண்டே ஏறியது.
ஓரிடத்தில் நின்றுவிட்டது.
நாலுக்குப் போயிருக்கும்.
இல்லையென்றால்
என் காது அவ்வளவு தூரம்தான்.