உரிமையாளர் பெயர்

பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கிய வண்டி.
ஆர்.சி.யில் இன்னும்
திம்மராயன், த/பெ முனியப்பன், காவேரிப்பட்டணம்.
மாத்திடறேன்க்கா என்று
மாங்காய் சீசனில் சொன்னேன்.
இப்போது புளி உலுக்குகிறார்கள்.

சூளகிரி கேமராவுக்கு முகம் தெரியாது,
டி.என். இருபத்துநாலு தெரியும்.
திம்மராயன், தலைக்கவசம் இல்லை, ஆயிரம் ரூபாய்
என்று அது அனுப்புவது
செத்தவர் போனுக்குப் போகிறது.
அதை சார்ஜில் போட்டு,
மாதாமாதம் காசும் போட்டு வைத்திருக்கிறார் கௌரம்மா.

ராத்திரி எட்டரைக்குக் கூப்பிடுவார்.
"ஹெல்மெட் எங்கப்பா?"
"ரவுண்டானாகிட்ட சிவப்புல தாண்டினியாமே?"
ஒருநாள் வெறுமனே,
"பத்து நாளா ஒண்ணும் வரல.
வண்டி ஓடுதா?"

ஆர்.டி.ஓ. ஆபீஸ்.
இறப்புச் சான்று, வாரிசுச் சான்று,
இன்சூரன்ஸ், புகைச் சான்று,
ஜெராக்ஸ் கடைக்கு மூன்று நடை.
பாக்கி அபராதம் மூவாயிரத்து ஐநூறு
கட்டாமல் பெயர் நகராது.
கட்டினேன்.
"அவரு இருந்தவரைக்கும்
ஒரு ரூபா ஃபைன் கட்டினதில்ல" என்றார்,
எனக்கா கிளார்க்குக்கா தெரியவில்லை.
ரசீதில் செலுத்தியவர் திம்மராயன்.
அந்தத் தாளைக் கேட்டு வாங்கி
நாலாய் மடித்து
போன் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

கௌரம்மா போட்ட கையெழுத்து
கட்டத்தைத் தாண்டிப் போனது,
பரவாயில்லை என்றார்கள்.

"மெசேஜ் வர்றதுக்கு மொபைல் நம்பர்?"

ஒன்பது இலக்கம் சொல்லிவிட்டேன்.
பத்தாவதில் நின்று
திரும்பிப் பார்த்தேன்.

"என்னை ஏம்ப்பா பாக்கற,
உன்னோடத சொல்லு."