நாலரை மணி வெளிச்சம்

தலைமையாசிரியை எண்ணிக் கொடுத்தது மூவாயிரத்து இருநூறு.
ஆண்டுவிழாவில் பந்தலும் பொன்னாடையும் தின்றது போக
மிஞ்சியது அவ்வளவுதான்.
"பில் முக்கியம் டீச்சர்." இருமுறை சொன்னார்.

குடியாத்தத்தில் விளக்கென்று கேட்டால்
சீரியல் செட் காட்டுகிறார்கள்.
மயில் தோகை விரிக்கிறது, அம்மன் கண் சிமிட்டுகிறாள்,
வாடகை ராத்திரிக்கு இவ்வளவு என்று.
அதனால் சனிக்கிழமை வேலூர் பஸ்.

பள்ளிகொண்டா தாண்டும்வரை கையில் ஒரு சீட்டு.
சுஹைனா எழுதியது. ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு,
நாடகமும் அவளுடையதே.
சீட்டில் வாட் இல்லை, வோல்ட் இல்லை,
நான் அவளுக்குப் பாடம் நடத்திய சுவடே இல்லை.

"காட்சி ஒன்று. ஷூ கம்பெனி வேன் நிற்கும் இடம்.
விடிகாலை நாலரை மணி வெளிச்சம் வேண்டும்.
நாலே முக்கால் ஆகிவிட்டால் தப்பு மிஸ்."

லாங்கு பஜாரில் ஆறாவது கடை. துலுக்காணம் எலக்ட்ரிகல்ஸ்.
"இன்னாது, நாலரை மணியா?
நான் கடை தொறக்கறதே பத்துக்குத்தான்மா.
வார்மா, கூலா? இருவதா, அம்பதா?"

மூலையில் நிஜமான மேடை விளக்கு ஒன்று,
கதவுகள் வைத்தது, பதினோராயிரம்.
தொட்டுப் பார்த்தேன். தொட்டதற்குக் காசு கேட்கவில்லை.

ஐம்பது வாட் ஃபோகஸ், வெள்ளை, இரண்டு.
தெருவிளக்குக்கு மஞ்சளில் ஒன்று.
வயர் முப்பது மீட்டர்.
வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க
பழைய ஃபேன் ரெகுலேட்டர், எழுபது ரூபாய்.
"எல்.இ.டி.க்கு அது ஒத்துவராதும்மா" என்றார்.
இயற்பியல் ஆசிரியை நான். சிரித்துக்கொண்டேன்.

ஒத்துவரவில்லை.
திங்கட்கிழமை திருகியதும் விடியல்
கறிக்கடைக் கோழியாய்ப் படபடத்தது.
ஜெனோவா "போலீஸ் வந்துட்டாங்க" என்று ஓட
மற்றவர்களும் ஓட
அன்றைய ஒத்திகை அத்தோடு சரி.

நீல ஜெலட்டின் தாள் ஒட்டினோம், கல்யாண மண்டபம் ஆனது.
எண்ணெய்த் தாள் ஒட்டினோம், ஆஸ்பத்திரி ஆனது.
வெள்ளிக்கிழமை, வெறுத்துப்போய்,
விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.
சுவரில் காண்ட்ராக்டர் விட்டுப்போன நீலத் தார்ப்பாய்.
அதில் பட்டுத் திரும்பி வந்தது ஒன்று.
மேடையில் யாரும் பேசவில்லை.

"இது அஞ்சரை" என்றாள் சுஹைனா.

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
வேனின் நம்பர் வரைக்கும் நாடகத்தில் இருந்தது.

அஞ்சரையை நாலரை ஆக்கியது என் கறுப்புக் குடை.
விளக்கின் முகத்துக்கு நேரே முழுசாய் விரிப்பது,
பிறகு வசனத்துக்கு ஒரு விரற்கடை
மடக்கிக்கொண்டே போவது.
கை நடுங்கினால் விடியலும் நடுங்கும்.
குடைக்குப் பில் இல்லை. கம்பி ஒன்று வளைந்தும் போயிற்று.
மிச்சம் நாற்பது ரூபாய், டீ.

ஆண்டுவிழா. பேச்சுகள் முடிய மணி எட்டு.
முன்வரிசையில் பொன்னாடைகள் செல்போன் பார்த்திருந்தன.
பின்னால் கம்பெனியிலிருந்து நேரே வந்தவர்கள்,
கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமல்.

தார்ப்பாயின் நீலம் மேடையில் கசிந்தது.
மஞ்சள் விளக்கடியில் நாய் ஒன்று,
ஆறாம் வகுப்பு, சோம்பல் முறித்தது.
ஜெனோவா டிபன் பாக்ஸை அமுக்கி மூடினாள்.
குடைக்குப் பின்னால் சுஹைனாவின் இரண்டு கைகள்,
மடக்கி, மடக்கி.
ஓரத்திலிருந்து யாரோ வாயால் ஹாரன் அடித்தார்கள்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண்
காலடியில் கிடந்த பையை வெடுக்கென எடுத்து
பாதி எழுந்துவிட்டாள்.
பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுக்க
உட்கார்ந்தாள்.
பையை மட்டும்
மடியை விட்டு இறக்கவில்லை.