இரண்டு மதிப்பெண்

கரி பற்றவைக்கும் முன்
சமையலறை ஜன்னல் இரண்டையும் திறந்துவிடுவேன்.
மழையென்றாலும் மூடுவதில்லை,
தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.
கரியிலிருந்து எழுவதில் கண்ணைக் கரிக்காத ஒன்று இருக்கிறது.
மணமில்லை, நிறமில்லை.
அது வந்து அறையில் உட்கார்ந்துவிட்டால்
நம்மை எழுப்ப வேறு ஆள் வேண்டும்.
அதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஓர் அலாரம்.
பேட்டரி மாற்றிய தேதி அதன் முதுகில்.

அடுப்பு பழையதொன்றுமில்லை.
தேக்காவில் பதினெட்டு வெள்ளிக்கு வாங்கியது,
தகர வாளி, உள்ளே சுட்ட மண்.
மண்ணில் மயிரிழையாய் ஒரு விரிசல்.
மாதம் ஒருமுறை சுண்டுவிரல் நகத்தால் தடவுவேன்,
நகம் மாட்டினால் களிமண் பூசி
இரண்டு நாள் காயவிடுவேன்.
தட்டின் துளைகளை அடைத்த துகளைக்
கம்பியால் குத்தி எடுப்பேன்.
"ஒரு கத்தரிக்காய்க்கு இத்தனை பாடா?"
என்பார் மதியரசு.
மின்னடுப்பில் கத்தரிக்காய்
வேகிறது, அவ்வளவுதான்.

ஆனால் நான் சொல்ல வந்தது சாம்பலைப் பற்றி.

தொடக்கநிலை ஆறில், உவமைத்தொடர்:
நீறு பூத்த நெருப்பு போல.
வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
மாமன் மச்சான் பகை என்று ஏதோ எழுதினேன்.
இரண்டுக்கு இரண்டு.
பிறகு முப்பது வருடம்
அந்தத் தொடர் எனக்குத் தேவைப்படவில்லை.

போன ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை,
மாலை ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.
சாம்பல் வெள்ளையாய், பச்சரிசி மாவாய்,
தொட்டால் குளிர்ந்தது.
தொட்டது மேலாக.
பையில் வாரி முடிச்சுப் போட்டு
குப்பைக் குழாயின் வாயைத் திறந்து உள்ளே தள்ளினேன்.
ஒன்பது மாடி. விழுந்த ஓசை கேட்கக் காத்திராமல்
மின்தூக்கிக்கு ஓடினேன்.

சாங்கியில் என் வேலை
மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஆபத்தைத்
திரையில் பார்த்துச் சொல்வது.
அன்று மூன்று லைட்டர் பிடித்தேன்.

ஏழரைக்கு ரொஸித்தாவின் குரல்பதிவு,
பின்னால் அவள் பூனையின் அலறல்:
குப்பைக் குழாய் எரிகிறது,
எல்லார் சமையலறையிலும் புகை,
எல்லாரும் கீழே நிற்கிறோம்.
குடிமைத் தற்காப்புப் படை வந்து
மேலிருந்து நீர் பாய்ச்சி அணைத்தது.
அதற்குள் கீழ்த்தளத்தில்
எரியும் தொட்டியை வெளியே இழுத்துவிட்டிருந்தார் ஷஃபிக்குல்.
வலக்கையில் கட்டு. மூன்று வாரம்
இடக்கையால் பெருக்கினார்.

மின்தூக்கியருகே நான்கு மொழியில் அறிவிப்பு.
தமிழில் ஓர் ஒற்றுப்பிழை.
நான் அதை மட்டும் படித்தேன்.

ஐந்தாம் மாடித் திரு குவெக்கின் சிகரெட்தான் என்று
புளோக்கே முடிவு செய்தது.
நான் ஆமென்றும் சொல்லவில்லை.
இப்போது அவர் கல்மேசையில் அமர்ந்து புகைக்கிறார்.
முடிந்ததும் துண்டைத் தண்ணீர்ப் புட்டிக்குள் போட்டு
மூடிக் குலுக்குகிறார்,
எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தி.

என் சாம்பல் இப்போது மைலோ டின்னில்.
தண்ணீர் ஊற்றிக் காதைக் கிட்டக் கொண்டுபோவேன்.
உஸ் என்றால் இன்னும் ஒரு குவளை.
ஒன்றும் சொல்லாவிட்டாலும்
ஓர் இரவு, ஒரு பகல்.
பிறகு கரண்டியால் கிளறி
பிறகு விரலால்,
அடி தட்டும்வரை.

குழாயில் போடுவதில்லை. நானே கீழே கொண்டுபோகிறேன்.
இன்று காலை ஷஃபிக்குல் கேட்டார்,
இங்கே வந்து கற்ற தமிழில்: "என்ன அக்கா இது?"
சாம்பல் என்றேன்.
அவர் உடனே கொட்டிவிடவில்லை.
டின்னின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
சற்று நேரம் நின்றார்.
வலக்கை. கட்டைவிரலடியில் தோல் இன்னும் ரோஸ் நிறம்.

"சூடு இல்ல அக்கா," என்றார்.

கல்மேசையில் திரு குவெக் புட்டியைக் குலுக்கினார்.
ஷஃபிக்குல், என்று கூப்பிட்டேன்.
இரண்டாவது முறை
இன்னும் கொஞ்சம் சத்தமாக.