டிரையர் ரூமில் காய்ந்த துணிகள்

ஐப்பசி பிறந்ததிலிருந்து கீழ்க்கோத்தகிரியில்
ஒரு துணியும் காயவில்லை.
கொடியிலிருந்து எடுத்தால்
போட்டதைவிடக் கனம்.

யோகராசா ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது
பிள்ளையின் துணிகளை உரச்சாக்கில் சுருட்டிக்கொண்டு போவார்.
தேயிலை காயும் அறையில்
டிரையருக்குப் பின்னால் ஒரு கம்பி,
அதில் பதினான்கு துணி.
மேஸ்திரி பார்த்தும் பாராததுபோல் நடப்பாராம்.
விடியற்காலை சாக்கு திரும்பி வரும்,
உள்ளே சூடு ஆறாமல், தூள் வாசத்தோடு.
பிள்ளைக்கும் அதே வாசம்.
லயத்துப் பெண்கள் முகர்ந்து பார்த்துக் கேட்பார்கள்:
"இது டஸ்ட்டா, லீஃபா?"
நானும் சிரிப்பேன்.
சிரிக்க எந்தத் தசையை இழுக்க வேண்டும் என்று
தெரிந்திருந்தது, அவ்வளவே.

பால் ஊறுதா என்றார்கள்.
தையல் ஆறிச்சா என்றார்கள்.
காதில் பஞ்சு வை, பச்சைத் தண்ணீரைத் தொடாதே,
பூண்டு தின்னு, கருவாடு தின்னு.
தின்றேன். ஊறியது. ஆறியது.
யார் வீட்டுப் பிள்ளையையோ
அவர்கள் வந்து கேட்கும்வரை
பத்திரமாக வைத்திருப்பவள்போல
இருபத்தாறு நாள் வைத்திருந்தேன்.
அழுதால் எடுத்தேன், ஒரு தடவையும் தவறாமல்.
எடுத்த கைதான் என்னுடையதாக இல்லை.

இருபத்தேழாம் ராத்திரி
பிள்ளை தூங்கியது.
கதவைச் சாத்தாமல் வெளியே போனேன்.
எங்கே என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல வராது.
கீழே தண்ணீர்த்தொட்டி இருப்பது தெரியும்.
காலில் செருப்பில்லாததும்.

பாதையில் காட்டெருமை, கன்றோடு,
தேயிலைச் செடிக்கு நடுவில் மூச்சு விட்டுக்கொண்டு.
நகரவில்லை. நானும்.
அது எனக்கு எதுவும் சொல்லவில்லை;
ஒரு மாடு வழியில் நின்றது.
மார் கட்டி ரவிக்கை நனைந்தபோதுதான்
குளிர் உறைத்தது.
திரும்பினேன்.
மேலே ஃபேக்டரியில் விளக்கு.
அங்கே பதினான்கு துணி காய்ந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை நர்ஸ் பிலோமினா எடை பார்த்தார்.
மூன்று கிலோ எழுநூறு. எழுதினார்.
எழுதிக்கொண்டே,
"பிள்ளை தூங்கும்போது நீ தூங்குறியா?"
தூங்குறேன் சிஸ்டர்.
நோட்டை மூடவில்லை அவர்.
பேனாவை மட்டும் மூடினார்.
வாசலில் யாரோ, "எவ்வளவு நேரம் சிஸ்டர்?"
"இருங்க" என்றார்,
கண்ணை என் மேலிருந்து எடுக்காமல்.
அது யாருக்குச் சொன்னது என்று தெரியாமல்
நான் இருந்தேன்.

இல்ல சிஸ்டர், தூங்கல.
அதற்குமேல் கோவையாக வரவில்லை.
தொட்டி என்றேன். செருப்பு என்றேன்.
மாடு என்று சொன்னபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

அடிப்பாவி என்று அவர் சொல்லவில்லை.
காத்துக்கருப்பு என்றும் சொல்லவில்லை.
"நெறைய பேருக்கு வரும். இதுக்குப் பேர் இருக்கு,
மருந்தும் இருக்கு.
இன்னைக்கு ராத்திரி நீ தனியா இருக்கக் கூடாது.
நாளைக்கு ஆறே முக்கால் பஸ், ஊட்டிக்கு.
நானும் வர்றேன்."

பேர் இருக்கு என்றதும்
மடியில் கிடந்ததற்கு
இன்னும் பேர் வைக்காதது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு யோகராசா ஷிப்டுக்குப் போகவில்லை.
நர்ஸ் அவரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
அடுப்படியில் உட்கார்ந்து
ஒவ்வொரு துணியாகத் தீயில் காட்டினார்.
இரண்டு கருகிப் போனது.
"பன்னெண்டு போதும்" என்றார்.
வேறெதுவும் பேசத் தெரியவில்லை அவருக்கு.
நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
முதுகில் அடுப்பின் சூடு தெரிந்தது.

இது ஆறாவது வாரம்.
மாத்திரை காலையில் ஒன்று.
சில நாள் கண் விழிக்கும்போது
இன்னும் அந்நியப் பிள்ளைதான்.
நேற்று லயத்தில் யாரும் இல்லை, எல்லோரும் கொழுந்துக்கு.
உச்சந்தலையை முகர்ந்தேன்.
"டஸ்ட்டா, லீஃபா?" என்று கேட்டுப் பார்த்தேன்.
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
கூரையில் மழை விழுகிற இடத்தையே
வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.