செக்ரோலில் பத்தொன்பது ஒன்று

மவுஸ்ஸாக்கலைத் தண்ணீருக்கு மேலே
ஏழாம் நம்பர் மலையில் இன்று பத்தொன்பது பேர்.
கணக்கப்பிள்ளை எங்களைக் கீழே கீழே எழுதுகிறார்:
ஒன்று, ஒன்று, ஒன்று.
கூட்டினால் அவருக்குப் பத்தொன்பது.
நான் தலையைச் சாய்த்து
நிரையாக வாசிக்கிறேன்:

1111111111111111111

பதினோராயிரத்து நூற்றுப்பதினொரு கோடி கோடி,
மிச்சம் சில்லறை.
முதன்மை எண் என்றது பள்ளிப் புத்தகம்.
எனக்குப் பிடித்த சொல்: பகாது.

உயர்தரத்தில் கணிதத்துக்கு மட்டும் ஓர் எஸ்,
மற்ற இரண்டும் எஃப்.
அந்த ஓர் எஸ்ஸை வைத்துக்கொண்டு சொல்கிறேன்:
முப்பத்தெட்டால் வகுத்து ஒன்று மிஞ்சுகிற
முதன்மை எண்தான் இதைத் தொடவே முடியும்.
மற்றதெல்லாம் வாசலோடு திரும்பிவிடும்.
நூற்றுத் தொண்ணூற்றொன்று, மீதி.
இருநூற்று இருபத்தொன்பது, மீதி.
நானூற்றுப் பத்தொன்பதைச் சம்பளச் சீட்டின் முதுகில் போட்டேன்,
கடன் கழிவு எழுதியிருந்த பக்கம் தெரியாமல்.
இப்படி நூற்றைந்து கோடி வரை போகவேண்டும்.
தம்பியின் போன் ஒரு நொடியில் சொல்லிவிட்டது.
சொல்லட்டும்.

முனியாயி கிளினிக் போன செவ்வாய்க்கிழமை
பதினெட்டு.
அது தொட்டால் உதிர்கிற ரகம்:
மூன்றால் போகும், ஏழால், பதினொன்றால்,
பதின்மூன்றால், முப்பத்தேழால்.
பத்தொன்பதாலும் போகும்.
வராதவளின் இலக்கமே வந்து வகுக்கும்.
மழையில் பதினேழு பேர் நின்ற அன்று ஏமாந்தேன்.
பதினேழு பகாதுதானே என்று நிரையையும் நம்பினேன்.
உள்ளே ஒளிந்திருந்தது
இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து
எழுநூற்று இருபத்து மூன்று.
அட்டை மாதிரி. கடித்த பிறகுதான் தெரியும்.

நேற்று ஜெசிந்தாவுக்குப் பதினாறு கிலோ.
பதினெட்டு இல்லையென்றால் அரைப்பேர்.
ஒன்றை அடித்துவிட்டு அரை போட்டார்.
முழு எண்ணுக்குள் அதை எந்த இடத்தில் வைப்பது?
தண்ணீர்ப் போத்தலை மூடியபடி அவள் கேட்டாள்:
"எம் பேருல எந்தப் பாதி?
ஜெசியா, ந்தாவா?"
கணக்கப்பிள்ளைக்கே சிரிப்பு வந்தது.
அரை அப்படியே இருந்தது.

இன்றும் அவளுக்குப் பதினாறுதான் தேறும்,
கூடையைத் தூக்கிப் பார்த்தாலே தெரிகிறது.
குறைவது இரண்டாயிரம் கிராம்.
மற்றவர்கள் பதினெட்டுப் பேர்.
வகுத்தேன்:
நூற்றுப்பதினொன்று, புள்ளி,
பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று,
நிரை மலையைத் தாண்டி
அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகிறது.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை.
"ஆளுக்கு ஒரு கை" என்றேன்.
முனியாயி இரண்டு கை போட்டாள்.
தெய்வானை போடவில்லை, அவளுக்கே பதினெட்டு இழுபறி.
கலைமதி போட்டதில் பாதி முற்றல் இலை.
தராசு பதினெட்டே கால் காட்டியது.
கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார்,
தராசைப் பார்த்தார்,
பென்சிலை நக்கிக்கொண்டு
ஒரு கோடு கிழித்தார், நேராக.

இறக்கத்தில்
ஐந்நூற்று எழுபத்தொன்றை மனதில் போட்டுப் பார்த்தேன்.
பாலத்துக்குள் இரண்டு தரம் பிழைத்தது,
மூன்றாம் தரம் மீதி வந்தது.
அடுத்தது அறுநூற்று நாற்பத்தேழு.
அதை அடுப்பு மூட்டிவிட்டு.