நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மல்லாவி நூலகத்தில் அந்தப் புத்தகத்துக்கு
அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கமும் இல்லை.
ஆர் எழுதினதென்று நிரஞ்சலாவுக்கும் தெரியாது.
இலக்கம் இருக்கு, கொண்டுபோங்கோ என்றாள்.

நான் வாசிக்கிற ஆளில்லை.
அன்றைக்குப் பின்னேரம் மழை பிடித்துவிட்டது.
கிறவல் ரோட்டில் மோட்டார்சைக்கிள் போகாது.
அறையில் நானும் நுளம்பும்.

கதையில் ஒருத்தி.
உழுந்து போட்டு, உழுந்து அழுகி,
குழுக்கடன் எடுத்தவள்.
இவளை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.
செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்
இவளைப்போல எனக்குப் பதினேழு பேர்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
நான் வந்தேன்.

நான்தான். நீலச் சட்டை, தோளில் பை,
துண்டுப் புத்தகம்.
படலையில் நின்று விடாமல் ஹோர்ன் அடிக்கிறேன்.
பத்து மணியாச்சு, காசு எங்க என்கிறேன்.
ஒரு பக்கம், அவ்வளவுதான் நான்.
அந்தக் கதையில் மாட்டுக்குப் பெயர் இருக்கிறது, செவலி.
பக்கத்து வளவு நாய்க்கும் இருக்கிறது.
எனக்கு இல்லை.

எழுதின ஆளைத் தேடிப்போய்க் கேட்கவேண்டும்போல் இருந்தது:
மாத இலக்கு என்றால் என்னவென்று தெரியுமா உமக்கு?
இந்த மோட்டார்சைக்கிளே லீசிங்கில் எடுத்ததென்று தெரியுமா?
பென்சிலால் ஓரத்தில் என் பெயரை எழுதினேன்.
ரமணதாஸ்.

பிறகுதான் பக்கத்தைப் புரட்டினேன்.

அது கதவுக்குப் பின்னால் நடக்கிறது.
புகை காட்டிக்கொடுக்கும் என்று
அவள் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறாள்.
சின்னவனின் வாயைப் பொத்துகிறாள்.
தூரத்தில், மதகடியில்,
கியர் மாறுகிற சத்தம்.

மூன்று வருடமாக அந்த ரோட்டில் ஓடுகிறேன்.
என் மோட்டார்சைக்கிளின் சத்தத்தை
வீட்டுக்குள் இருந்து
அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒன்பது வயதில் பங்கருக்குள் இருந்து
வானத்தைக் கேட்டுப் பழகின காது இது.
ஆனால் இந்தமுறை
வந்துகொண்டிருந்தது நான்.

அடுத்த செவ்வாய், தேறாங்கண்டல்.
மதகடியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு
உருட்டிக்கொண்டே போனேன் இந்திரவதனி வீட்டுக்கு.
முற்றத்தில் கச்சான் புடைத்துக்கொண்டிருந்தவள்
திடுக்கிட்டுச் சுளகைக் கவிழ்த்தாள்.

"என்ன தம்பி, கள்ளன் மாதிரி வாறீர்?
சத்தம் கேட்டிருந்தா
பின்பக்கத்தால தங்கச்சி வீட்டை போயிருப்பன்.
இப்ப உம்மட முகத்தைப் பாத்து
இல்லையெண்டு சொல்லவேண்டிக் கிடக்கு."

புத்தகத்தில் இது இல்லை.

இரண்டு பேரும் குந்தியிருந்து கச்சான் பொறுக்கினோம்.
மண்ணுக்குள் போனது போக மிச்சத்தில்
ஒரு பிடி தந்தாள். பச்சை மணத்தது.
காசைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மதகடியில் நின்று
இரண்டு தரம் ஹோர்ன் அடிக்கிறேன்.
கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம்.
பிறகு மெதுவாகப் போகிறேன்.
கொப்பியில் எழுதுகிறேன்: ஆள் இல்லை.
உன்ர பக்கத்தில மட்டும் ஏன்ராப்பா
ஒரு சனமும் இல்லை என்கிறார் மனேஜர்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவன்.

மாதக் கடைசிக் கிழமையில்,
இலக்குக்கு நாலு பேர் குறையும்போது,
மதகடியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டும் போயிருக்கிறேன்.
உள்ளே இருந்து கேட்கத் தெரிந்தவனுக்கு
சத்தமில்லாமல் வரவும் தெரியும்.
அதையும் அந்தப் புத்தகம்தான் தந்தது.

இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
என் பெயரை அழித்துப் பார்த்தேன்,
பென்சில் போய்விட்டது,
அழுத்தி எழுதின பள்ளம் போகவில்லை.
நாளுக்கு நாள் தண்டம் ஏறுகிறது.
நூலகத்திலிருந்து நிரஞ்சலா இரண்டு தரம் கோல் எடுத்தாள்.
மணி அடித்து ஓயும்வரை
அறைக்குள் அசையாமல் இருந்தேன்.